பனியில் பாய்ந்த பந்தய வண்டி

வண்டியை முன்னாலிருந்து இழுப்பது நல்லதா, பின்னாலிருந்து தள்ளுவது நல்லதா என்று கேட்டால் மாட்டு வண்டிக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். மோட்டார் செய்வோருக்கோ இது சிரிப்புக்குரிய கேள்வியன்று. வேகத்துக்கென்றே அமைந்த வண்டிகள் பலவற்றில் யந்திரத்தின் விசை இன்றும் பின் சக்கரங்களுக்கே செல்கிறது. உலர்ந்த பாதையில் அதனால் நன்மையே உண்டு. வண்டி பாயும்போது பாரம் பின்புறம் சாய்வதால் அச்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றுகின்றன. பாதையில் வெண்பனி விழுந்துவிட்டாலோ கதை வேறு.

பாசி படிந்த குளத்துப் படியில் கால் வைத்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இறுகிய பனியில் ரப்பர் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடி மிகச் சொற்பம். அந்தச் சொற்பப் பிடியைக் கொண்டே வண்டி ஓடவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். வளைவில் சாரதி ஒரு கணம் அதிகமாக மிதித்துவிட்டால் பின் சக்கரங்கள் வீணே சுழலும். வால் பக்கவாட்டில் வீசும். வண்டியின் முகம் வந்த வழியையே பார்க்கும். பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுப்பதும் ஆபத்துத்தான். பாரம் முன்புறம் சாய்ந்து, பின் சக்கரங்களுக்கு இருந்த சிறு பிடியும் போய்விடும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெள்ள மெள்ளத் தளர்த்த வேண்டும். உராய்வைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் என் போன்றோருக்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது.

1965-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நடந்த மாண்டி கார்லோ ராலியில் இந்தப் பாடத்துக்கு ஒரு கடுமையான பரீட்சை ஏற்பட்டது. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து 200-க்கும் மேற்பட்ட வண்டிகள் மொனாக்கோவை நோக்கிப் புறப்பட்டன. வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. தப்பி வந்தவை மிகச் சிலவே. பின்லாந்துக்காரரான டிமோ மாகினென், மினி கூப்பர் என்னும் சிறு வண்டியில் வெற்றி பெற்றார். அதில் யந்திரமும் முன்னால். இழுக்கும் சக்கரங்களும் முன்னால். ஆகவே அந்த வெற்றியில் வியப்பில்லை.

வியப்பெல்லாம் இரண்டாவதாக வந்த வண்டியில்தான். அது போர்ஷ் 904. ஓட்டப் பந்தயக் களத்துக்கென்றே செய்யப்பட்டது. தரையோடு தரையாகத் தாழ்ந்தது. கண்ணாடி நாரால் வார்த்த மேனியுடையது. சுமார் 180 குதிரைச் சக்தி முழுவதும் பின் சக்கரங்களுக்கே! அதை ஓட்டிய ஓய்கென் போரிங்கருக்கு அப்போது வயது 43. பக்கத்தில் அமர்ந்து வழி சொன்னவர் ரால்ப் வூத்தரிக். 1955-இல் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் மாண்ட விபத்தில் அவரோடு அதே வண்டியில் இருந்து உயிர் பிழைத்தவர் அவர். பத்தே வருஷத்தில் மீண்டும் ஒரு போர்ஷில் ஏறி, நள்ளிரவில் பனி மூடிய மலை வளைவுகளுக்குள் புகுந்த அவருடைய நெஞ்சுரத்தை என்னென்பது!

சாரதியின் பாதம் மட்டுமன்றி வண்டியின் அமைப்பும் துணை செய்தது. 904-இல் யந்திரம் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னே இருந்தது. தள்ளும் சக்கரங்களின் மேலேயே பாரம் விழுந்தது. அதே ராலியில் ஐந்தாவதாக வந்த போர்ஷ் 911-இலோ யந்திரம் பின் அச்சுக்கும் அப்பால்.

ஆனால் பனி யாருக்கும் நிரந்தர நண்பன் அல்ல. 1967-இல் விக் எல்போர்டு 911-ஐ ஓட்டி முன்னணியில் இருந்தார். கடைசி இரவில் பனி பெய்தது, மூன்றாமிடம்தான் கிடைத்தது. மறு வருஷமே திரும்பி வந்து வென்றார். 1969, 1970 இரண்டிலும் அதே ரக வண்டியில் ஸ்வீடன் நாட்டு பியோர்ன் வால்டெகார்டு வென்றார்.

பின்னர் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் ஆடி குவாட்ரோ வந்து சேர்ந்தது. பின் சக்கர விசை வண்டி அங்கே கடைசியாக வென்றது 1983-இல். வண்டி லான்சியா, சாரதி வால்டர் ரோல். அவ்வருஷம் மலைப் பாதைகளில் பனி அதிகமில்லை.