கூடங்குளமும் சூரியனும்

கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் அணுசக்தி, சூரியனிலும் அணுசக்தி. இரண்டும் ஒன்றுதானா? இல்லைங்க, நேர் எதிர்!

கூடங்குளத்தில் கனமான யுரேனியம் அணுக்கருவை ஒரு நியூட்ரான் மோதி உடைக்கிறது. அப்போது வெளியாகும் சூட்டில் தண்ணீர் நீராவியாகி, டர்பைனைச் சுழற்றுகிறது. இது அணுக்கருப் பிளவு.

சூரியனிலோ லேசான ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஹீலியமாகின்றன. இது அணுக்கரு இணைவு. கிட்டே வந்தாலே ஒன்றையொன்று தள்ளிவிடுகிற பிடிவாதக்காரர்கள் இவர்கள்! சேர்த்துவைக்க, சூரியனின் மையத்தில் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் வேண்டியிருக்கிறது. சேரும்போது கொஞ்சம் நிறை குறைகிறது. அதுதான் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. இப்படிச் சூரியன் இழப்பது எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 40 லட்சம் டன்!