உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளத்தில் எரிபொருள்

இந்தியாவில் கச்சா எண்ணெய் பெரும்பாலும் குழாய் வழியாகவே சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. ரயிலேறுவது அங்கிருந்து வெளிவரும் பெட்ரோலும் டீசலும்தான். சென்னையிலிருந்து அரக்கோணம், ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் தடத்திலும் இத்தகைய எரிபொருள் ரயில்கள் ஓடுகின்றன.

இந்தத் தடத்தில் 2025 ஜூலை 13 அதிகாலை, திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம்புரண்டு 18 டேங்கர் வேகன்கள் எரிந்தன. உயிரிழப்பு இல்லை, பெங்களூரு மார்க்க ரயில்கள் பல ரத்தாயின.

பெட்ரோலிய விதிகள் (2002) எரிபொருளைத் தீப்பற்று வெப்பநிலைப்படி வகுக்கின்றன. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் பெட்ரோல் ‘ஏ’ வகை. 23 முதல் 65 டிகிரிக்குள் வரும் டீசல் ‘பி’ வகை. ‘பி’ என்பதால் அபாயம் இல்லை என்று கொள்ள முடியாது. கவிழ்ந்த டேங்கரில் கசியும் டீசலும் தீப்பற்றக்கூடும். ரயிலில் ஏற்றுவதற்கு, ஆபத்தான சரக்குகளுக்கென ரயில்வே வகுத்துள்ள ‘ரெட் டேரிஃப்’ விதிகள் பொருந்தும். இன்ஜினுக்கும் டேங்கர்களுக்கும் இடையே காப்பு வேகன் இணைப்பது அந்த ஏற்பாடுகளில் ஒன்று.

கச்சா எண்ணெய் ரயில்களின் கொடிய பாடம் கனடாவில் கிடைத்தது. 2013 ஜூலை 6 அன்று லாக்-மெகான்டிக் நகருக்குள் ஆளின்றி உருண்டு வந்த ரயில் வெடித்து 47 பேர் இறந்தனர். 2015இல் கனடாவும் அமெரிக்காவும் தடித்த எஃகு, வெப்பக் கவசம், முனைக் கேடயம் கொண்ட புதிய டேங்கர்களைக் கட்டாயமாக்கின.