40 விநாடியில் பாதி மறையும் வெள்ளீயம்!

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்கள் அல்லவா? அந்த ஈயத்துக்கு வெள்ளீயம் என்று பெயர். அது தானாக அழியாது. பாட்டி காலத்து ஈயச் சொம்பு பேத்தி காலத்திலும் ரசம் வைக்க உதவும்.

ஆனால், வெள்ளீயத்தில் இன்னொரு வகை உண்டு. அதன் ஆயுள் மிகவும் அற்பம். 40 விநாடிக்குள் அதில் பாதி வேறு பொருளாக மாறி மறைந்துவிடும்! அடுத்த 40 விநாடியில், மீதி இருப்பதில் பாதி போய்விடும்.

இந்த அற்பாயுள் வெள்ளீயத்தைப் பிடித்து, விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2010-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். எதற்காக? ஒரு தாய் சொன்ன கணக்கு சரியா, தவறா என்று பார்ப்பதற்காக!

மாடி வீடு

உலகில் உள்ள எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன. ஒன்று புரோட்டான். மற்றொன்று நியூட்ரான்.

வெள்ளீயத்தின் கருவில் எப்போதும் 50 புரோட்டான்கள் இருக்கும். நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறும். சாதாரண வெள்ளீயத்தில் 62 முதல் 74 வரை இருக்கும். அற்பாயுள் வெள்ளீயத்திலோ 82 நியூட்ரான்கள்! இரண்டையும் கூட்டினால் 132. ஆகவே அதற்கு "வெள்ளீயம்-132" என்று பெயர்.

கருவுக்குள் இந்தத் துகள்கள் மூட்டையில் கொட்டிய நெல்லைப் போலக் கிடக்கவில்லை. மாடி வீட்டில் குடியிருப்பவர்களைப் போல ஒழுங்காக வாழ்கின்றன. கீழ் மாடி நிரம்பினால், அடுத்த ஆள் மேல் மாடிக்குப் போகவேண்டும்.

மொத்தம் 2, 8, 20, 28, 50, 82, 126 என்று ஆள் சேரும்போதெல்லாம் ஒரு மாடி நிரம்புகிறது. அப்போது கரு மிகவும் உறுதியாக இருக்கிறது. இந்த எண்களுக்கு "மாய எண்கள்" என்று பெயர். வெள்ளீயம்-132-ல் 50-ம் இருக்கிறது, 82-ம் இருக்கிறது. இரண்டும் மாய எண்கள்!

சம்பளம் வாங்காத விஞ்ஞானி

இந்த மாடி வீட்டின் ரகசியத்தை 1949-ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மரியா மேயர் என்ற பெண்மணி. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஜெர்மனியில் படித்து, அமெரிக்கரை மணந்து, அமெரிக்காவில் குடியேறியவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தார். ஆனால் அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது!

மாய எண்கள் ஏன் வருகின்றன என்று அவர் நெடுநாள் யோசித்தார். ஒருநாள் என்ரிகோ பெர்மி என்ற பெரிய விஞ்ஞானி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துகள் கருவுக்குள் சுற்றி வருவதற்கும், அது தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ?" என்பது அந்தக் கேள்வி. மரியாவுக்குப் பளிச்சென்று விடை தெரிந்துவிட்டது!

தம் மகளுக்கு அவர் அதை எளிதாக விளக்கினார். ஒரு கூடத்தில் ஜோடி ஜோடியாக நடனம் ஆடுகிறார்கள். கூடத்தைச் சுற்றி வந்துகொண்டே தாங்களும் சுழலுகிறார்கள். ஒரு பக்கமாகச் சுழல்வது எளிது. மறு பக்கமாகச் சுழல்வது கடினம். துகள்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் மாடிகளின் உயரம் மாறுகிறது.

ஜெர்மனியில் ஹான்ஸ் ஜென்சனும் அவருடைய தோழர்களும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். 1963-ல் மரியாவுக்கும் ஜென்சனுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. "சான் டியாகோ தாய்க்கு நோபல் பரிசு" என்று உள்ளூர்ப் பத்திரிகை தலைப்புப் போட்டது!

விதி உடைந்தது!

பிறகு ஒரு சிக்கல் வந்தது. மரியாவின் கணக்கு, நெடுநாள் நிலைத்து நிற்கும் கருக்களைப் பார்த்துப் போட்ட கணக்கு. நொடியில் அழியும் கருக்களுக்கும் அது பொருந்துமா?

மெக்னீசியம்-32 என்ற கருவில் 20 நியூட்ரான்கள். மாய எண் ஆயிற்றே! உறுதியான உருண்டையாக இருக்கவேண்டும். ஆனால், 1995-ல் ஜப்பானில் நடந்த சோதனையில் அது உருக்குலைந்து நீண்டிருப்பது தெரிந்தது. மாடி இடிந்துவிட்டது!

அப்படியானால் வெள்ளீயம்-132-ன் கதி என்ன?

கை மாறும் நியூட்ரான்

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். கேட் ஜோன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி இந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

முதலில் யுரேனியத்தைப் புரோட்டான்களால் தாக்கினார்கள். யுரேனியம் பிளந்தது. சிதறிய துண்டுகளிலிருந்து வெள்ளீயம்-132-ஐப் பிரித்தெடுத்தார்கள். அது அழிவதற்குள் விநாடிக்குச் சுமார் 30 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் பாயவிட்டார்கள்.

எதிரே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் கன ஹைட்ரஜன் இருந்தது. கன ஹைட்ரஜனின் கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் ஜோடியாக இருக்கும்.

பாய்ந்து வந்த வெள்ளீயம், போகிற போக்கில் அந்த நியூட்ரானைப் பறித்துக்கொண்டது! ஜோடியை இழந்த புரோட்டான் தெறித்து ஓடியது.

அந்தப் புரோட்டான்தான் சாட்சி! நியூட்ரான் தாழ்ந்த அறையில் குடியேறினால், புரோட்டான் அதிகச் சக்தியோடு வரும். உயரமான அறை என்றால் சக்தி குறையும். எந்தக் கோணத்தில் எத்தனை புரோட்டான்கள் வருகின்றன என்று எண்ணினால், அறைக்குள் நியூட்ரான் எப்படிச் சுற்றுகிறது என்பதும் தெரியும்.

தாயின் கணக்கு சரி!

82 நியூட்ரான்களுக்கு மேல் வந்த இந்த 83-வது விருந்தாளிக்கு, அடுத்த மாடியில் நான்கு அறைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் உயரம் அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

கீழ் மாடி ஆட்டம் கண்டிருந்தால், புதிய நியூட்ரான் பல அறைகளிலும் சிதறிக் கிடந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் அது தனி ஆளாகவே இருந்தது. கீழே இருந்தவர்கள் அசையவில்லை! 40 விநாடியில் பாதி மறையும் வெள்ளீயத்திலும் மரியாவின் மாடி உறுதியாக நின்றது.

தங்கம் எப்படி வந்தது?

இதனால் நமக்கு என்ன லாபம்? தாலியில் தங்கம் இருக்கிறதே, அது எப்படி உண்டானது என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய காட்சியை விஞ்ஞானிகள் கண்டார்கள். இத்தகைய மோதல்களில் கருக்கள் நியூட்ரான்களை அடுக்கடுக்காக விழுங்குகின்றன. மாய எண் வந்ததும் தயங்கி நிற்கின்றன. பிறகு மெல்ல மாறி, தங்கம் போன்ற பொருள்களாகின்றன. எந்த மாடி நிற்கும், எந்த மாடி இடியும் என்று தெரிந்தால்தான் இந்தக் கதை முழுதும் புரியும்.

ஓக் ரிட்ஜில் அந்தச் சோதனை நடந்த நிலையம் 2012-ல் மூடப்பட்டது. 2022-ல் மிச்சிகன் மாநிலத்தில், அதைவிட வலிமையான நிலையம் திறக்கப்பட்டது. 2023-ல் ஜப்பானிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஆக்சிஜன்-28-ல் 8 புரோட்டான், 20 நியூட்ரான். இரண்டும் மாய எண்கள். ஆனாலும் அது நிற்கவில்லை. உண்டானவுடனே சிதறிவிட்டது!

ஓரிடத்தில் கணக்கு நிற்கிறது. இன்னோரிடத்தில் உடைகிறது. எங்கே, ஏன் உடைகிறது என்று விஞ்ஞானிகள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மரியா மேயர் 1972-ல் காலமானார். அவர் போட்ட கணக்கோ இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது!