செயற்கைப் புழுவும் சூட்டுக் கலமும்

திருவல்லிக்கேணியின் கிழக்கெல்லை கடல். மெரினா மணற்பரப்பை ஒட்டி அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள் அமைந்துள்ளன. வலையே அங்குப் பெருங்கருவி எனினும், தூண்டிலும் தொன்மையானதே. தூண்டிலில் கோக்கும் இரை உயிருள்ளதாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. பல மீன்கள் இரையின் அசைவையும் பளபளப்பையும் கண்டே பாய்கின்றன. இதனை அறிந்த தென்கடற்கரை மீனவர் சிலர் நூலாலும் மினுங்கும் தாளாலும் போலி இரை கட்டுவதுண்டு. அதே நோக்கத்துடன் பிற்காலத்தில் தோன்றியதுதான் மென்மையான பிளாஸ்டிக் புழு.

இதன் வரலாறு அமெரிக்காவின் ஆக்ரன் என்னும் ரப்பர்த் தொழில் நகரில் தொடங்குகிறது. 1926ஆம் ஆண்டில் அங்குக் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்னும் அறிஞர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடினார். கடினமான பி.வி.சி.யை உயர்ந்த கொதிநிலையுடைய திரவத்தில் இட்டுச் சூடாக்கியபோது, பசைக்கு மாறாக ரப்பர்போல் வளையும் பொருள் கிடைத்தது. 1949ஆம் ஆண்டில் அதே நகரைச் சேர்ந்த நிக் கிரீம் என்பவர், தம் வீட்டு அடுக்களை அடுப்பிலேயே அத்தகைய பொருளை உருக்கி, புழுவின் வடிவில் வார்த்தார். அன்று முதல் இன்று வரை வீட்டிலேயே இரை வார்க்கும் பழக்கம் தூண்டிற்காரரிடையே நிலைத்துள்ளது.

வார்க்கப் பயன்படும் திரவத்திற்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். மிக நுண்ணிய பி.வி.சி. தூள், நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து நிற்கும் நிலையே அது. இவ்வகைத் தூள் நம் மாநிலத்து மேட்டூரிலும் உற்பத்தியாகிறது. செயற்கைத் தோல் முதலிய பொருள்களுக்கு அது பயன்படுகிறது.

சூடேறும்போது பிளாஸ்டிசாலில் நிகழ்வது யாது? கேழ்வரகுக் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். கரைத்த மாவு சூட்டில் நீரை உறிஞ்சி, உப்பி, கெட்டிப்படுகிறது அன்றோ? பி.வி.சி. துகள்களும் அவ்வாறே நெகிழ்வூட்டியை உறிஞ்சி முதலில் கெட்டிப்படுகின்றன. ஆனால், சூடு ஏறத்தாழ 175 பாகை செல்சியசை எட்டும்போது அவை ஒன்றோடொன்று இணைந்து, தெளிந்து, ஓடும் திரவமாகின்றன. அச்சில் ஊற்றி ஆறவிட்டால் மென்மையான புழு உருவாகிறது. இதற்குக் குறைந்த சூட்டில் ஊற்றினால் புழு வலுவின்றிக் கிழியும். 200 பாகையைக் கடந்தாலோ, மஞ்சளித்துக் கருகி நச்சுப்புகை விடும் அபாயம் மிகுகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே சூட்டை நிறுத்துவதே வார்ப்புக் கலத்தின் தலையாய பணி.

கைவினையாளர் மின்சாரத்தால் சூடாகும் பாத்திரம் ஒன்றைக் கொண்டு இக்கலத்தை அமைக்கின்றனர். பிளாஸ்டிசால் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சுவரை ஒட்டிய பகுதி கருகும்போதும் நடுப்பகுதி வேகாதிருக்கும். ஆகவே மெதுவாகச் சுழலும் துடுப்பு ஒன்று தேவை. மேற்பரப்பில் ஆடையும் காற்றுக் குமிழிகளும் சேர்வதால், தெளிந்த திரவத்தை அடியிலிருந்து ஒரு குழாய் வழியே இறக்குகின்றனர். அக்குழாயும் சூடாக இல்லையெனில் திரவம் அதிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தோடு வரும் தெர்மோஸ்டாட் அடித்தகட்டின் சூட்டையே அறியும்; திரவத்தின் சூட்டை அறிய வெப்பமானியைத் திரவத்திலேயே அமிழ்த்துதல் வேண்டும்.

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வரம்பு மீறிச் சூடேறிய பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறது. கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தோடு கலந்ததும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி அரிக்கிறது. ஒற்றைச் சாளரமுடைய திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலோ, மாணவர் விடுதியிலோ இம்முயற்சி கூடவே கூடாது. புகையை வெளியே இழுத்துச் செல்லும் விசிறியும், கண்ணாடிக் கவசமும், கையுறையும் உடைய பட்டறையே இதற்கு உரிய இடம். ஒருமுறை பயன்படுத்திய பாத்திரம் மீண்டும் சமையலறைக்குத் திரும்புதல் ஆகாது.

மற்றோர் எதிரி நீர். கடற்காற்று வீசும் ஊரில் பாரிஸ் சாந்து அச்சுகள் ஈரத்தை எளிதில் ஈர்த்துக்கொள்கின்றன. ஒரு துளி நீர் ஆவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். சூடான திரவத்துக்குள் அது திடீரென நிகழுமானால், தோலில் ஒட்டிக்கொள்ளும் திரவம் சிதறிக் கொடிய தீப்புண்ணை உண்டாக்கும். அச்சை நன்கு உலர்த்தி, ஈரம் ஏறாதவாறு பூச்சிட்டுப் பயன்படுத்துவது இதனாலேதான்.

வெந்த கூழ் மீண்டும் மாவாகாது. ஆறிய புழுவோ சூட்டில் மீண்டும் உருகும். எனவே கிழிந்த புழுக்களைச் சேர்த்துவைத்துப் புதியனவாக வார்க்கலாம். இது வெறும் சிக்கனம் அன்று. உண்மைப் புழு கடலில் மக்கிப்போகும். பிளாஸ்டிக் புழு நெடுங்காலம் கிடந்து, மீனின் வயிற்றையும் சென்றடையும். ஆதலின் அறுந்த இரையைக் கடலில் எறியாது கரைக்குக் கொண்டுவந்து கலத்தில் இடுவதும் வார்ப்புத் தொழிலின் ஒரு பகுதியே ஆகும்.