யாரும் தூக்காத குழந்தைகள்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று சொல்லுகிறோம். முளை எந்த மண்ணில் கிடக்கிறது, அதற்குத் தண்ணீர் விடுவார் உண்டா என்று நாம் அதிகமாக விசாரிப்பதில்லை. 1930-களில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களில் பலரும் இப்படித்தான் இருந்தார்கள். ஐ.க்யூ. எனப்படும் அறிவு ஈவு பிறவியிலேயே அமைந்துவிடுவது. கண்ணின் நிறத்தைப்போல, பிறகு மாறாதது என்பது அவர்களுடைய முடிவு. சராசரி மனிதனுக்கு அது 100. அதற்கு மிகவும் கீழே இறங்கினால், “மந்தபுத்தி” என்று முத்திரை குத்தி, அதற்கென உள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். கதை அத்துடன் முடிந்தது!

இந்த நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தவர்கள் இரண்டு கைக்குழந்தைகள்.

கூரையைப் பார்த்த கண்கள்

அயோவா மாகாணத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில் ஓர் அநாதை விடுதி இருந்தது. உள்நாட்டுப் போரில் மாண்ட சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக முதலில் ஏற்பட்டது அது. பின்னர் மற்ற அநாதைகளுக்கும் புகலிடமாயிற்று.

அங்கே கைக்குழந்தைகள் இருந்த பகுதியில் பாலுக்குப் பஞ்சமில்லை. சுத்தத்துக்கும் குறைவில்லை. சொல்லப்போனால், சுத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது! தொற்றுநோய்க்கு அஞ்சிக் கட்டில்களின் பக்கங்களைத் துணியால் மூடியிருந்தார்கள். ஆகவே முதல் 6 மாதங்களில் குழந்தை கண்ட உலகம் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்த கூரைதான். விளையாட்டுச் சாமான் கிடையாது. நர்ஸுக்கு ஓயாத வேலை. துணியை மாற்றுவாள்; பால் புட்டியைக் குழந்தையின் வாயருகே சாய்த்து வைப்பாள்; அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். குழந்தை “ங்கா” என்றால் பதிலுக்கு “ங்கா” சொல்ல ஆள் இல்லை. 2 வயதானதும் வேறு கட்டிடத்துக்கு மாற்றுவார்கள். அங்கே 30, 35 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மேற்பார்வைக்காரி. அவளுக்கு ஒத்தாசையாகப் பயிற்சியில்லாத இளம்பெண்கள் மூன்று நாலு பேர்.

அந்த விடுதியில் இரு பெண் குழந்தைகள். ஒருத்திக்கு 13 மாதம். மற்றவளுக்கு 16 மாதம். மூக்கு ஒழுக, சிணுங்கிக்கொண்டு, நாளெல்லாம் முன்னும் பின்னும் ஆடியபடி உட்கார்ந்திருப்பார்கள். அயோவா சர்வகலாசாலையின் குழந்தைநல ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹரால்டு ஸ்கீல்ஸ் என்ற நிபுணர் அவர்களைச் சோதித்துப் பார்த்தார். 6, 7 மாதக் குழந்தைக்குரிய வளர்ச்சிதான் இருந்தது. “தத்துக் கொடுக்க லாயக்கில்லை” என்று தீர்மானித்து, மந்தபுத்தியுள்ளவர்களின் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வார்டில் கிடைத்த சித்திமார்

அங்கே வயது வந்த பெண்களுடன் அவர்கள் விடப்பட்டனர். அந்தப் பெண்களின் வயது 18 முதல் 50 வரை. அவர்களுடைய புத்தியின் வயதோ 5 முதல் 9 வரைதான்!

ஆறு மாதங்கள் சென்றன. வேறு வேலையாக அந்த விடுதிக்குச் சென்ற ஸ்கீல்ஸ், வார்டில் துருதுருவென்று ஓடி விளையாடும் இரண்டு சிறுமிகளைக் கண்டார். யார் குழந்தைகள் இவை என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விசாரித்தபோது திகைத்துப் போனார். மறுபடியும் சோதித்தார். நம்ப முடியவில்லை, இன்னும் சில மாதங்கள் பொறுத்துச் சோதித்தார். 3 வயது தாண்டிய பிறகும் சோதித்தார். இருவரும் ஏறக்குறைய மற்றக் குழந்தைகளைப் போலவே ஆகியிருந்தார்கள்.

மருந்து என்ன? மருந்து ஒன்றும் இல்லை. குழந்தைகள் வந்ததும் வார்டுக்கே உயிர் வந்துவிட்டது. ஒருத்தி குழந்தையைத் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் சித்திகளும் பெரியம்மாக்களும் ஆனார்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள், பேசினார்கள், கையைப் பிடித்து நடக்கவிட்டார்கள். வார்டின் பணிப்பெண்கள்கூட லீவு நாளில் குழந்தையைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்ப் பொம்மையும் படப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தார்கள். உலகம் “அறிவில்லாதவர்கள்” என்று ஒதுக்கிய பெண்கள், படித்த நிபுணர்களுக்குத் தோன்றாத சிகிச்சையைச் செய்துவிட்டார்கள்.

ஸ்கீல்ஸ் துணிந்து, 3 வயதுக்குட்பட்ட வேறு குழந்தைகளையும் இவ்விதம் அனுப்ப ஏற்பாடு செய்தார். சர்க்கார் கணக்கில் அவர்கள் அந்த விடுதியின் “விருந்தாளிகள்”! எந்த வார்டின் குழந்தை முதலில் நடக்கிறது, முதலில் பேசுகிறது என்று வார்டுகளுக்குள் போட்டியே உண்டாயிற்று. இப்படி வளர்ந்த 13 குழந்தைகளின் சராசரி அறிவு ஈவு 64-லிருந்து 92-க்கு ஏறிற்று.

பின்னர் அநாதை விடுதிப் பதிவேடுகளைப் புரட்டி, அங்கேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளின் கணக்கை எடுத்தார். ஆரம்பத்தில் அவர்களுடைய சராசரி 87. அதாவது, அனுப்பப்பட்டவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். சில வருஷங்களில் அது 61-க்கு இறங்கியிருந்தது.

நகைத்த பெரியவர்கள்

1939-ல் இந்த விவரம் வெளிவந்ததும் எதிர்ப்பு பலமாகக் கிளம்பிற்று. அறிவு ஈவுச் சோதனையைப் பிரபலமாக்கிய ஸ்டான்போர்டு பேராசிரியர் லூயி டெர்மன் முதலியவர்கள் இதை ஏற்கவில்லை. சிலர் கேலியும் செய்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை கொஞ்சம், கணக்கு முறை சரியில்லை என்ற ஆட்சேபம் முழுவதும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கேலி செய்தவர்களில் யாரும் அந்தப் பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

போய்ப் பார்த்தவர் ஸ்கீல்ஸ்தான். ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 25 பேரையும் ஒருவர் விடாமல் தேடிக் கண்டுபிடித்து, 1966-ல் முடிவை வெளியிட்டார். விருந்தாளிகளாகப் போன 13 பேரில் 11 பேர் தத்து எடுக்கப்பட்டிருந்தனர். பதின்மூவரும் சொந்தக் காலில் நின்றனர். ஆரம்பத்தில் 35 என்ற எண்ணைப் பெற்ற ஒரு பெண், உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரியிலும் சிறிது காலம் படித்து, கல்யாணமாகி இரண்டு பையன்களுக்குத் தாயாக இருந்தாள்.

மற்றப் பன்னிரண்டு பேரில் ஒருவர் விடுதியிலேயே இளம் வயதில் மாண்டுவிட்டார். நால்வர் அப்போதும் விடுதிவாசிகள். வெளியே வந்தவர்களில் சிலருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. பாதிப் பேருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பைக்கூட எட்டவில்லை.

ஒரே ஒருவர் விலக்கு. சிறு வயதில் காது மந்தமானதால் செவிடர் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பையன் அவர். அவரிடம் தனியாகப் பிரியம் காட்டிய மேற்பார்வைக்காரி ஒருத்தி வாய்த்தாள். பிற்காலத்தில் அவர் அச்சுக் கோப்பவராகி, மனைவி மக்களுடன் நன்றாகவே வாழ்ந்தார். காது கெட்டது அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே!

1968-ல் ஸ்கீல்ஸுக்குக் கென்னடி அறநிலையத்தின் பரிசு கிடைத்தது. மேடையில் பரிசை வழங்கியவர், அந்தப் பதின்மூன்று குழந்தைகளில் ஒருவராக இருந்து வளர்ந்த இளைஞர்.

ருமேனியாவின் சாட்சி

எண்ணிக்கை போதாது என்ற ஆட்சேபத்துக்கு வேறொரு நாட்டிலிருந்து பதில் வந்தது. ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1966-ல் கருத்தடைக்கும் கருச்சிதைவுக்கும் கடுமையான தடை விதித்தது. வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை அரசாங்க விடுதிகளில் விட்டார்கள். 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தனர்.

சார்லஸ் நெல்சன், நேதன் பாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், புகாரெஸ்ட் நகர விடுதிகளில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டனர். சீட்டுக் குலுக்குவது போலப் பொறுக்கி, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். நாலரை வயதில் பார்த்தபோது, விடுதிக்கென்று நின்ற பிரிவின் சராசரி 73. குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. பெற்றோர் வீட்டிலேயே வளர்ந்த அவ்வூர்க் குழந்தைகளுக்கு 109. சுமார் 2 வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களே அதிகம் தேறினார்கள். அதற்குமேல் தாமதித்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவது கடினமாயிற்று.

2 வயதுக்குட்பட்ட குழந்தையை விடுதியில் சேர்க்கக்கூடாது என்று 2004-ல் ருமேனியா சட்டம் செய்தது. கடுமையான ஊனமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் அச்சட்டத்தில் விலக்கு வைத்தார்கள். தேறாதவை என்று டாவன்போர்ட்டில் எழுதி அனுப்பப்பட்ட இரண்டு சிறுமிகளின் கதையை அந்த விலக்கை எழுதியவர்கள் படித்திருந்தார்களோ, இல்லையோ!