யாரும் கவனிக்காத ஒரு மரணம்

2022-ம் வருஷம் பிரபலமானவர்கள் பலர் மறைந்தார்கள். பிப்ரவரி 6-ம் தேதி லதா மங்கேஷ்கர் போனார். நாடெங்கும் இரண்டு நாள் துக்கம். செப்டம்பர் 8-ம் தேதி இங்கிலாந்து மகாராணி எலிசபெத் காலமானார். அவருக்காகவும் நம் நாட்டில் ஒரு நாள் கொடி தாழ்ந்து பறந்தது.

அதே வருஷம் அக்டோபர் 16-ம் தேதி கல்கத்தாவில் ஒரு டாக்டர் தம் 87-வது வயதில் கண்ணை மூடினார். பெயர் திலீப் மஹலனாபிஸ். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? ஆனால் அவர் புண்ணியத்தில் பிழைத்த குழந்தை நம் தெருவிலேயே இருக்கும்!

1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் போருக்குப் பயந்து லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லையோர முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கரைத்து டிரம்களில் வைத்தார். நோயாளியின் அம்மா, அக்கா, தங்கை யாரானாலும் சரி, மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

இந்தக் கரைசலை வேறு சிலரும் முன்பே சோதித்திருந்தார்கள். ஆனால் படிப்பில்லாத தாயின் கையிலும் அதை நம்பிக் கொடுக்கலாம் என்று காட்டியவர் இவர். இன்று மருந்துக் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அரசாங்கம் பத்ம விபூஷண் கொடுத்தது. எப்போது? அவர் போன பிறகு, 2023-ல்!

பாடகிக்காக அழுதது தப்பென்று சொல்லவில்லை. அந்தக் குரல் தினமும் நம் காதில் விழுகிறது. ஆனால் பிழைத்த குழந்தைக்குத் தான் யாரால் பிழைத்தோம் என்பது தெரிவதில்லை. நடக்காமல் போன சாவை யார் கணக்கு வைக்கிறார்கள்?

சகோதரிகளே, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. வீட்டில் இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். எப்போதும் இருக்கட்டும். உறையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாக்கெட் இல்லையா? காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. பேதியாகிற குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.