கோத்தகிரி ரோடு: முதல்ல வந்த வழி

ஒரகடத்துல என் வீட்டுக்குப் பக்கத்துல இரண்டு மாநில நெடுஞ்சாலைகள் சந்திக்குது. 48 வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு, 57 சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடு. கன்டெய்னர் லாரி கூடினா ரோட்டை அகலமாக்கினாங்க. தரை சமம், பக்கத்துல நிலம் இருக்கு, வேலை முடிஞ்சது. இதே யோசனையோட மலை ரோட்டைப் பார்த்தா ஏமாந்துடுவோம்.

மாநில நெடுஞ்சாலை 15 ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியா ஊட்டிக்குப் போகுது. பெரும்பாலானவங்களுக்கு ஊட்டி ரோடுன்னா குன்னூர் வழிதான், கோத்தகிரி "இன்னொரு வழி". வரலாறு நேரெதிர்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் நீலகிரி ஏறினார். கோத்தகிரி பக்கத்துல, திம்பட்டியில்தான் முதல்ல தங்கினார். மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்குப் போட்ட பாதை 1823இல் முடிந்தது. இன்றைய ரோடு அதே தடம் இல்லை, ஆனாலும் கிழக்குச் சரிவில் ஏறும் யோசனை அதுதான். அதுக்குள்ள சல்லிவனின் மனசு ஊட்டிக்குப் போயிடுச்சு. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழி வந்ததும் கோத்தகிரி பின்னுக்குப் போனது. ரயில் மிச்சத்தைச் செய்தது: 1873இல் மேட்டுப்பாளையம், 1899இல் குன்னூர், 1908இல் ஊட்டி. கோத்தகிரிக்கு ரயில் வரவே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800க்குக் கொஞ்சம் கீழே. ரோடு ஏறக்குறைய 33 கிலோமீட்டர். சராசரியா 22 மீட்டர் ஓடினா 1 மீட்டர் ஏற்றம். நேரா ஏறினா வண்டி திணறும். அதனால ரோட்டை நீட்டி, கொண்டை ஊசி வளைவு போட்டு மடிக்கிறாங்க.

மலையில் அகலம் வேணும்னா ஒரு பக்கம் சரிவை வெட்டணும், இல்லேன்னா பள்ளத்துப் பக்கம் சுவர் எழுப்பணும். வெட்டும்போது மேலே இருக்கும் மண்ணோட அடிக்கால் போகுது. நீலகிரியில பாறைமேல மக்கின மண் கனமா படிஞ்சிருக்கு. மழைநீர் அதுக்குள்ள இறங்கி, வெளியேற வழியில்லேன்னா, உள்ளேயே அழுத்தம் கூடி மண் மொத்தமா வழுக்கும். 2009 நவம்பர் மழையில் அந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் இறந்தாங்க. மலை ரயில் பாதையும் ரோடுகளும் பல இடத்தில் அறுந்தன.

குன்னூர் வழி அடைபட்டா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு முக்கியமான மாற்று வழி இந்த 15தான். கோடை சீசனில் போலீஸ் குன்னூர் வழியா ஏற்றி, கோத்தகிரி வழியா இறக்குவதும் இதனாலதான் முடியுது. அந்த ரெண்டாவது வழியை அகலப்படுத்தணும்னு கேட்கிறவங்க, முதல்ல பக்கவாட்டுக் கால்வாயும் தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளைகளும் அடைபடாம இருக்கான்னு கேட்கலாம். நீங்க அடுத்த தடவை இறங்கும்போது சுவரைக் கவனிங்க: மழைக்குப் பிறகும் துளை காய்ஞ்சிருந்தா, தண்ணி வேற எங்கயோ தேங்குதுன்னு சந்தேகப்படலாம்.